இருபது சொட்டு விளக்கெண்ணெய்

அண்ணாச்சி ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா மொதல்ல ஆளைப் பார்க்கமாட்டாவ, சுவரைப் பார்ப்பாவ. எந்த மூலையில கீறல் விட்டிருக்கு, எந்த உத்தரம் எறங்கியிருக்குன்னு ஒரு சுத்து கண்ணை ஓட்டிட்டு, கீறல் இல்லாத இடமாப் பார்த்து உட்காருவாவ. எங்க கோவில்பட்டியில கீறல் இல்லாத சுவருக்கு எங்க போக? கரிசல் மண்ணு மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும், மேல நிக்கிற வீட்டை நாலு பக்கமும் பிடிச்சு இழுக்கும். அதனால பாதி வீட்டுல அவிய நின்னுக்கிட்டே காப்பி குடிச்சிட்டு வந்துருவாவ. ஏன் அண்ணாச்சி இப்படின்னு கேட்டா, "ஈரமா இருக்கும்போது எதுவும் ஒண்ணும் செய்யாது டீச்சர். காயும்போதுதான் எல்லாம் கோணும்"பாவ.

எனக்குச் சிரிப்பா வரும். அப்போ எனக்கு இருபத்தேழு வயசு. பொம்பளப் பிள்ளைக படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் டீச்சர். வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை, வாய் மட்டும் நிரந்தரம்.

அவியளோட பேரைச் சொல்லமாட்டேன். தெரிஞ்சவங்க இன்னும் ஊர்ல இருக்காங்க. எட்டயபுரம் ரோட்டுல லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை வச்சிருந்தாவ. சொந்த ஊரு புதூர் பக்கம். இருபது வருசம் ஏர்போர்ஸ்ல இருந்துட்டு வந்தவிய. எங்க ஊர்ல ஏர்போர்ஸ்னா எல்லாருமே பிளேன் ஓட்டுதவங்கன்னு நினைப்பு. டீக்கடையில எவனாவது, "எத்தனை பிளேன் ஓட்டியிருப்பீங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டா, "ஓட்டலைப்பா, பிளேனுக்குச் சட்டை தைச்சேன்"பாவ. நெசமாவே அதுதான் வேலை. சின்னப் பயிற்சி விமானத்துக்கும் கிளைடருக்கும் இறக்கையில துணிதான் போர்த்தியிருக்குமாம். அந்தத் துணியை வெட்டி, இழுத்துத் தைச்சு, மேல டோப் பூசி விறைப்பாக்குதது அவியளோட பிரிவு.

பயம்னா அப்படி ஒரு பயம். ஊரைச் சுத்தித் தீப்பெட்டி ஆபீஸா இருக்கிற இடத்துல, அவிய கடைக்குள்ள ஒரு தீப்பெட்டி கிடையாது. பீடி பிடிச்சிட்டு வர்ற லாரிக்காரனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கவச்சுத்தான் பேசுவாவ. வீட்டுலயும் அப்படித்தான். "கல்யாணம் ஆன நாள்லருந்து நான் அடுப்பு பத்தவைக்கும்போது இவிய தெருவுல போய் நிப்பாவ. எங்களுக்குள்ள தினமும் சண்டைன்னு பக்கத்து வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தா"ன்னு மதினியே என்கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்காங்க. ஒரு தடவை தூத்துக்குடி போற பஸ்ஸுல டிரைவர் கொட்டாவி விட்டதைப் பார்த்துட்டு பாதி வழியில எப்போதும்வென்றான் ஊர்லயே எறங்கிட்டாவ. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் வெயில்ல நின்னாவளாம். அந்த பஸ் பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சு. அவியளுக்கு அதுல ஒரு வெக்கமும் இல்லை. "போய்ச் சேர்ந்தா நல்லதுதானே?"ன்னுட்டாவ.

ஊர்க்காரங்க வச்ச பேரு பயந்தாங்கொள்ளி. எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வச்ச பேரு விளக்கெண்ணெய் மாமா. ரெண்டாவது பேரு வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளோட ஆரம்பம் அது. எங்க தாளாளர் வெளியூர்ல எங்கயோ ஒரு விழாவுக்குப் போன இடத்துல, மாணவங்க குட்டி விமானம் செஞ்சு பறக்கவிட்டதைப் பார்த்துட்டு வந்துட்டாரு. "நம்ம ஆண்டு விழாவுலயும் பறக்கணும். பிசிக்ஸ் டீச்சர் எதுக்கு இருக்காங்க?"ன்னு ஒரே உத்தரவு. அது பறக்கலைன்னா என்னை நிரந்தரம் பண்ணுத காகிதம் பறந்துரும்னு ஆபீஸ் பியூனுக்குக்கூடத் தெரியும். எனக்குப் பிளேனைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் பதினொண்ணாம் வகுப்புப் பாடத்துல இருக்கிற ஒரு படம். தார்ப்பாய்க் கடைக்கு ஓடினேன்.

"மாட்டேன் டீச்சர்."

"ஏன் அண்ணாச்சி?"

"பயமா இருக்கு."

"ஒரு கஜ அகலம்கூட வராது. அதுக்கா?"

"எஞ்சின் உண்டுல்லா? முன்னால சுத்துத விசிறி விரலை எடுத்துரும். பிடிச்சிருக்கிற கம்பி அந்துச்சுன்னா எங்க போவும்னு சொல்ல முடியாது. பிள்ளைக இருக்கிற இடம்."

வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்தேன். ஏர்போர்ஸ்ல உங்களை எப்படித்தான் சேர்த்தாங்களோன்னுகூடக் கேட்டுட்டேன். மறுநாள் காலையில பிரேயர் முடியுததுக்குள்ள பள்ளிக்கூட வாசல்ல நிக்காவ. கையில பழைய டிரங்குப் பெட்டி. உள்ள பால்சாக் கட்டை, டிஷ்யூ பேப்பர், துணியில சுத்தின ஒரு சின்ன எஞ்சின். "நான் வரலைன்னா நீங்க வேற யாரையாவது வச்சுச் செஞ்சிருவீங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அது இதைவிடப் பயமா இருக்கு"ன்னாவ.

லேப்புக்குப் பின்னாடி இருந்த ரூம்ல வேலை ஆரம்பிச்சது. நானும் ஒன்பதாம் வகுப்புல நாலு பிள்ளைகளும். பால்சாங்கிறது கையில எடுத்தா எடையே தெரியாத கட்டை. அதுல எலும்புக்கூடு மாதிரி இறக்கை செஞ்சு, மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டி, அதுக்கு மேல டோப் பூசணும். டோப்னா ஏதோ போதைச் சமாச்சாரம்னு எங்க தமிழ் டீச்சர் மூக்கைப் பொத்திக்கிட்டு எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. அது ஒரு மெருகு, அவ்வளவுதான். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில கிடைக்கிற என்.சி. கிளியரை வாங்கி, தின்னர் ஊத்தி அவியளே கலக்கினாவ. பூசினதும் பேப்பர் தொளதொளன்னு ஆகும். காயக்காயச் சுருங்கி விண்ணுன்னு இழுத்துக்கும். தட்டினா சத்தம் வரும்.

"நல்லா இருக்கே!"ன்னேன்.

"இதோட நின்னா நல்லாத்தான் இருக்கும். இது நிக்காது டீச்சர். தொட்டுப் பார்த்தாக் காஞ்ச மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள இன்னும் சுருங்கிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு, நாளைக்கு, அடுத்த மாசம். கட்டையே வளைஞ்சுபோவும். இறக்கை முறுக்கிக்கிட்டா பிளேன் நாம சொன்னபடி கேக்காது."

அதுக்கு மருந்து விளக்கெண்ணெய். ஒரு டீ கிளாஸ் டோப்புக்கு இருபது சொட்டு. இங்க் பில்லர்ல எடுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா எண்ணி விடுவாவ. எண்ணும்போது பக்கத்துல யாரும் இருமக்கூடாது. அந்த எண்ணெய் உள்ள இருந்தா டோப்புக்கு ஒரு இளக்கம் இருக்கும், காஞ்சாலும் ஒரேயடியா இழுக்காது. அப்புறம் மேலயும் கீழயும் ஒரே நாள்ல பூசணும். பூசின இறக்கையை ஒரு பலகையில குண்டூசி குத்திப் படுக்கவச்சு, நிழல்ல ஏழு நாள் விடணும். வெயில்ல வைக்கவே கூடாது. ஏழு நாளும் காலையில வந்து, இறக்கையை ஒரு கண்ணாடித் தகடுமேல வச்சு, முட்டி போட்டு, ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு, விளிம்புக்கு நேராப் பார்ப்பாவ. நகக்கண் அளவு தூக்கியிருந்தாலும் அன்னைக்கு அவியளுக்குச் சோறு எறங்காது.

நான் நம்பலைன்னு ரெண்டு சின்னக் கட்டைச் சட்டம் செஞ்சு, பேப்பர் ஒட்டிக் காட்டினாவ. ஒண்ணுல எண்ணெய் விட்ட டோப், இன்னொண்ணுல விடாதது. ரெண்டையும் என் மேசை மேலயே வச்சுட்டுப் போயிட்டாவ. ஒரு மாசத்துல எண்ணெய் இல்லாதது பொரிச்ச அப்பளம் மாதிரி வளைஞ்சு கிடந்துச்சு. விரலால அமுக்கினேன், பொடுக்குன்னு ஒடைஞ்சது. எண்ணெய் விட்டதை அமுக்கினா துணி மாதிரி அமுங்கி நிமிர்ந்தது. என் கண்ணால பார்த்தேன், என் கையால தொட்டேன். தெரியாமச் செஞ்சேன்னு நான் எந்தச் சாமிகிட்டயும் சொல்ல முடியாது.

எரிச்சலா இருக்கிறது எதுன்னா, எதையும் மூணு தடவை கேப்பாவ.

"எண்ணெய் விட்டாச்சா டீச்சர்?"

"விட்டாச்சு."

"விட்டாச்சா?"

"விட்டாச்சு அண்ணாச்சி."

"நெசமா?"

ஒருநாள் எனக்குப் பொத்துக்கிட்டு வந்துட்டு. "நான் எம்.எஸ்ஸி., பி.எட். படிச்சவ. இருபது எண்ணத் தெரியாதா எனக்கு? மனுசர் ஒரு தடவை சொன்னா நம்பமாட்டீங்களா?"ன்னு கத்திட்டேன். பிள்ளைக நாலும் சுவரோட ஒட்டிக்கிட்டாளுக. அவிய கோவப்படலை. கையில இருந்த பிரஷ்ஷைத் தின்னர்ல அலசிக்கிட்டே, "நான் ஒரு தடவை 'பார்த்துட்டேன்'னு சொன்னேன் டீச்சர். பார்க்கலை"ன்னாவ.

"எங்க? ஏர்போர்ஸ்லயா?"

"ஆமா. இறக்கை ஒண்ணு. சாப்பாட்டு மணி அடிச்சிட்டு. பார்த்துட்டேன்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பயந்துக்கிட்டு இருக்கேன்."

என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்னைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சுன்னு சொல்ல வெக்கமா இருக்கு.

இந்த மாதிரிக் குட்டி விமானம் தன் போக்குல போகாது. இறக்கை நுனியிலருந்து ரெண்டு எஃகுக் கம்பி, அம்பது அடி நீளம், நூல் மாதிரி மெல்லிசு. அந்தக் கம்பியோட மறுமுனை ஒரு கைப்பிடியில இருக்கும். நடுவுல ஒரு ஆள் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே சுத்தணும், பிளேன் அவங்களைச் சுத்திப் பறக்கும். அந்த ஆள் நான். சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கான்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை காலையில பள்ளிக்கூட மைதானத்துல பழகினேன். பிளேன் மேல ஏறினதும் கம்பி கையை ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, உசிரோட ஒண்ணு பிடிச்சு இழுக்கிற மாதிரி! "அந்த இழுவைதான் டீச்சர். அது இருக்கிற வரைக்கும் அது உங்க சொல்லு கேக்கும். அது போச்சுன்னா நீங்க யாரோ, அது யாரோ"ன்னு அவிய வட்டத்துக்கு வெளிய நின்னு கத்தினாவ. மூணு ஞாயிறு நல்லாப் பறந்துச்சு.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் காலையில தாளாளர் ரூமுக்கு பிளேனைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "என்ன டீச்சர், மங்கலா இருக்கு? மினுமினுன்னு இருக்க வேண்டாமா? கலெக்டர் ஆபீஸ்லருந்து பெரியவர் வாராரு. இதைப் போய் அவர் முன்னால வைக்கவா?"ன்னாரு. அந்த மங்கல் எண்ணெயால வர்றது. எண்ணெய் இருந்தா கண்ணாடிப் பளபளப்பு வராது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மேசை மேல ஒரு ஃபைல் இருந்துச்சு, மேல என் பேரு எழுதியிருந்துச்சு. "பண்ணிருதேன் சார்"ன்னுட்டு வந்தேன்.

அவிய அன்னைக்கு ஒரு லாரிக்கு அளவெடுக்கப் போயிருந்தாவ. மத்தியானம் நான் இறக்கையை மட்டும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். டோப்பைக் கலக்கினேன். விளக்கெண்ணெய் பாட்டில் பக்கத்துலயேதான் இருந்துச்சு. திறக்கலை. மேல் பக்கம் மட்டும் ரெண்டு கை பூசினேன். கீழ யாரு பார்க்கப்போறா? அப்புறம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்கார அம்மா சுண்டைக்காய் வத்தலும் மோர்மிளகாயும் காயப்போட்டிருந்தாங்க. நம்ம ஊர்ல வத்தல், வடகம், தீக்குச்சி, துவைச்ச துணி எதுன்னாலும் வெயில்ல போட்டா முடிஞ்சது. யோசிக்கவே மாட்டோம், கை தானாப் போயிரும். வத்தலுக்குப் பக்கத்துல ஒரு பழைய சேலையை விரிச்சு இறக்கையைப் போட்டு, ரெண்டு ஓரத்துலயும் கல்லு வச்சுட்டு வந்தேன். ஒரு மணி நேரத்துல பளிங்கு மாதிரி மின்னுச்சு.

இறக்கையைத் திரும்ப லேப் ரூமுக்குக் கொண்டுவந்துட்டேன். சாயங்காலம் அவிய வந்தாவ. கண்ணாடித் தகட்டுல வச்சுப் பார்த்தாவ. நேராத்தான் இருந்துச்சு.

"ரொம்ப மினுங்குதே டீச்சர்."

"தாளாளர் சொன்னாரு. இன்னொரு கை பூசினேன்."

"எண்ணெய் விட்டீங்களா?"

"விட்டேன்."

"விட்டீங்களா?"

"இருபது சொட்டு அண்ணாச்சி."

"நெசமா?"

"நெசமா."

எவ்வளவு சுலபமா வந்துச்சுங்கிறீங்க! நாக்கு குழறலை, ஒண்ணும் இல்லை. அவிய தலையாட்டிட்டுப் போயிட்டாவ.

மறுநாள் காலையில இறக்கையை எடுத்துப் பார்த்தேன். வலது நுனி முறுக்கியிருந்துச்சு. ஒரு நகக்கண் அளவு. கையால திருப்பிப் பார்த்தேன், நிமிர்ந்துச்சு, விட்டதும் மறுபடி முறுக்கிக்கிட்டு. மைதானத்துல மைக் செட்டுக்காரன் ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டிருந்தான். சொல்லிருவோம், பறக்கவிட வேண்டாம்னு சொல்லிருவோம்னு நினைச்சுக்கிட்டே மைதானத்துக்கு நடந்தேன்.

அவிய விடியுததுக்கு முன்னாடியே வந்து, நான் நின்னு சுத்துத இடத்துல கரிசல் வெடிப்பெல்லாம் மண்ணு போட்டு மூடிக்கிட்டிருந்தாவ. கால் வெடிப்புல சிக்கினா நான் விழுந்துருவேனாம். சுத்திச் சுண்ணாம்புல ஒரு பெரிய வட்டம். அதுக்கும் வெளிய நாப்பது காலடி தள்ளி கயிறு. அந்தக் கயித்தைத்தான் தாளாளர் பார்த்துட்டாரு.

"என்னய்யா இது? பிள்ளைக பக்கத்து ஊர்ல போய் உட்காரணுமா? கயித்தை உள்ள கொண்டுவா."

"முடியாது சார்."

"என்னது?"

"பிள்ளைக தள்ளி உட்காரலைன்னா நான் எஞ்சினைத் தொடமாட்டேன் சார்."

சொல்லும்போது அவியளோட முழங்கால் நடுங்குதது வேட்டிக்கு மேலயே தெரிஞ்சது. மைக் செட்டுக்காரன் சிரிச்சான். எங்க டீச்சர்மாரும் சிரிச்சாங்க. "பயந்தாங்கொள்ளி"ன்னு ஒரு பிள்ளை சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. ஆனா கயிறு அங்கனயேதான் இருந்துச்சு. முன் வரிசையில ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவச்சாங்க.

என்கிட்ட வந்தாவ. கையெல்லாம் கரிசல் மண்ணு. "இறக்கையை எடுங்க டீச்சர், ஒருக்கப் பார்த்துருதேன்." விருந்தாளியோட காரு கேட்டுக்குள்ள நுழைஞ்சது. தாளாளர் அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டுதாரு, சீக்கிரம் சீக்கிரம்னு. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவியளும் நானும் மட்டும் நின்னோம், மூணடி தூரத்துல. என் வாயிலருந்து வந்தது என்ன தெரியுமா?

"பார்த்துட்டேன் அண்ணாச்சி."

அவிய என் மூஞ்சியைப் பார்த்தாவ. "பார்த்துட்டீங்களா?"ன்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டாவ. நான் தலையாட்டினேன். மூணு தடவை கேக்கலை. அவ்வளவு கத்தியிருக்கேனே அவியளை, அதனாலதான் கேக்கலை. வேற எதனாலயும் இல்லை.

எஞ்சின் பிடிச்சது. பிளேன் மண்ணை உரசி ஓடி மேல ஏறுச்சு. அறுநூறு பிள்ளைக ஒரே நேரத்துல ஓன்னு கத்துனாளுக. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. கையில இழுவை இருந்துச்சு, ஆனா எப்பவும் போல இல்லை. கடவுளே எறங்கிரட்டும், எறங்கிரட்டும்னு உள்ளுக்குள்ள கத்திக்கிட்டே சுத்துதேன். மூணாவது சுத்துல லேசா ஒரு காத்து அடிச்சது. கொஞ்சம் உயரம் கொடுத்தேன். இறக்கை உள்பக்கமாச் சாய்ஞ்சது. கையில இருந்த இழுவை போயிட்டு.

அதை எப்படிச் சொல்ல? கம்பி ரெண்டும் தொளதொளன்னு தரையில விழுது, கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணும் இல்லை, சர்ருன்னு சத்தம் மட்டும் என் தலையைப் பார்த்து வருது. குனிஞ்சுட்டேன். காதுக்கு மேல போச்சு. மறுபக்கம் போய்க் கம்பி விண்ணுன்னு இழுத்துச்சு, ரெண்டும் அந்துச்சு. நான் திரும்பிப் பார்க்கும்போது அது ஆறாம் வகுப்பைப் பார்த்துப் போய்க்கிட்டிருந்துச்சு.

பிள்ளைக எந்திரிக்கக்கூட இல்லை. என்னமோ வித்தை காட்டுதாங்கன்னு நினைச்சு வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டிருந்தாளுக. நான் கத்தினேனான்னு எனக்கு ஞாபகம் இல்லை. கயித்துக்கு உள்ளேயே, முன் வரிசைப் பிள்ளைக்கு நாலு எட்டு முன்னால, மூக்கு குத்தி விழுந்துச்சு. எஞ்சின் ஒரு கரிசல் வெடிப்புக்குள்ள பாதிக்கு மேல இறங்கிட்டு. அந்தப் பிள்ளை கையில கடிச்ச வெள்ளரிக்காய், வாயில இருக்கிறதை முழுங்காம அப்படியே உட்கார்ந்திருந்தா. கயிறு தாளாளர் சொன்ன இடத்துல இருந்திருந்தா அவ உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் எதுன்னு நான் கண்ணாலயே அளந்தேன். நீங்களும் அளந்துக்கோங்க. என் வாயால சொல்லமாட்டேன்.

மைக் செட்டுக்காரன், "விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது"ன்னான். மைதானமே சிரிச்சது.

அவிய ஓடலை. மெதுவா நடந்து போனாவ. மொதல்ல அந்தப் பிள்ளை தலையில கை வச்சுப் பார்த்தாவ. அப்புறம் ஒடைஞ்ச இறக்கையை எடுத்து, கட்டை விரலால ஒரு மூலையை அமுக்கினாவ. அந்தச் சத்தம் அங்கிருந்து எனக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனா கேட்டுச்சு, பொடுக்குன்னு. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாவ. நான் நடுவட்டத்துல, கைப்பிடியை விடாமப் பிடிச்சுக்கிட்டு, முட்டி போட்டுக் கிடந்தேன்.

தாளாளர் வந்துட்டாரு. மூஞ்சி ரத்தமாச் சிவந்திருந்துச்சு. "யாரு தப்பு இது?"

"எந் தப்பு சார். கடைசிப் பூச்சுக்கு எண்ணெய் விட மறந்துட்டேன். டீச்சருக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"ஏர்போர்ஸாம் ஏர்போர்ஸு! விளக்கெண்ணெய்! போய்யா அங்கிட்டு!"

பிள்ளைக மறுபடி சிரிச்சாளுக. அன்னைக்கு வந்ததுதான் அந்தப் பேரு. அவிய டிரங்குப் பெட்டியை எடுத்துக்கிட்டு, அறுநூறு பிள்ளைக முன்னால, மைதானத்தைக் குறுக்க நடந்து போனாவ. நான் வாயைத் திறக்கலை. ஒரு வார்த்தை. 'நான்தான்'னு ஒரே ஒரு வார்த்தை. தாளாளரைப் பார்த்தேன், சொல்லலை.

வெள்ளரிக்காய்ப் பிள்ளைக்கு அன்னைக்கு சாயங்காலமே காய்ச்சல். பயந்த காய்ச்சல்னு அவங்க அம்மா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்த் திருநீறு போட்டாங்க. மூணு நாள்ல பயம் தெளிஞ்சு பள்ளிக்கூடம் வந்துட்டா. மே மாசம் எனக்கு நிரந்தரமான ஆர்டர் வந்துச்சு. அம்மா பாயாசம் வச்சாங்க. எனக்கு எறங்கலை.

எட்டயபுரம் ரோட்டுப் பக்கமே போகாம இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சுத்து வழியாப் போனேன். ஒரு தடவை பஜார்ல மதினியைத் தூரத்துல பார்த்துட்டு ஒரு பாத்திரக் கடைக்குள்ள பூந்து, வேண்டாத ஒரு தூக்குச்சட்டியை வாங்கிட்டு வந்தேன். வாயாடின்னு பேர் எடுத்தவ நான்.

ஆடி மாசத்துல ஒருநாள் முடியலை. சொல்லிருவோம், காலைப் பிடிச்சாவது சொல்லிருவோம்னு போயிட்டேன். அவிய தரையில தார்ப்பாயை விரிச்சு உட்கார்ந்து கோணி ஊசியால தைச்சுக்கிட்டிருந்தாவ. "வாங்க டீச்சர்"ன்னாவ. குரல்ல ஒரு மாத்தமும் இல்லை. சுவரோரமா அந்தக் கண்ணாடித் தகடு இருந்துச்சு. மேல அந்த ஒடைஞ்ச இறக்கை. இப்போ நகக்கண் அளவு இல்லை, நாலு விரல் உயரம் முறுக்கிக்கிட்டு நின்னுச்சு.

"இன்னும் சுருங்குது டீச்சர். தினமும் பார்க்கேன்."

"அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

ஊசி பிடிச்ச கையைத் தூக்கி என்னை நிறுத்தினாவ.

"வேண்டாம். சொல்லாதீங்க."

"இல்லை அண்ணாச்சி, சொல்லலைன்னா எனக்குச் செத்துரலாம் போல இருக்கு. தூங்கி எத்தனை நாளாச்சு..."

"தெரியும். எனக்குத் தெரியாதா?" தார்ப்பாயைத் திருப்பிப் போட்டாவ. "நான் சொல்லிட்டேன் டீச்சர், ஒருத்தர்கிட்ட. அந்தச் சாப்பாட்டு மணி விசயத்தை. அவரு 'போகட்டும்பா'ன்னுட்டாரு. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். அடுத்த வாரமே இன்னொரு இறக்கையைப் பார்க்காம விட்டேன். நல்லவேளை, வேற ஒருத்தன் பார்த்துட்டான். அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லலை."

நான் அழுதேன். அவிய என்னைத் தேத்தலை. எந்திரிச்சு ஒரு தம்ளர்ல தண்ணி கொண்டுவந்து பக்கத்துல வச்சாவ.

"சொல்லிட்டா பயம் தெளிஞ்சிரும் டீச்சர். உங்ககிட்ட தினமும் அறுநூறு பிள்ளைக வருதுக. தெளிய வேண்டாம். உள்ளயே இருக்கட்டும்."

அதுக்கப்புறம் ஏழெட்டு வருசம் இருந்தாவ. பார்க்கிற இடத்துல எல்லாம் "நல்லா இருக்கீங்களா டீச்சர்?"னு கேப்பாவ, மூணு தடவை. நான் லேப்ல கேஸ் குழாயை மூணு தடவை பார்ப்பேன். டூர் போற பஸ்ஸுல ஏறி டிரைவர் கண்ணைப் பார்ப்பேன். எனக்கும் பிள்ளைக ஒரு பேரு வச்சிருந்தாளுக, அது இருக்கட்டும்.

போன வருசம் ரிட்டயர் ஆயிட்டேன். இனி என்னை நம்பி வர பிள்ளைக இல்லை, இப்போ சொன்னா என்னன்னு தோணுச்சு. அதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒண்ணு விடாம எழுதிட்டேன். ரெண்டு தடவை வாசிச்சும் பார்த்துட்டேன்.

தெளியலை அண்ணாச்சி.